லௌரி பறந்த ஞாயிற்றுக்கிழமை

லெஹ்திலா, பின்லாந்து
9 அக்டோபர் 1938

மதிப்பிற்குரிய யால்மாரி தக்கலா அவர்களுக்கு,

உங்கள் முகவரியை உங்கள் அண்ணியிடம் வாங்கினேன். லேசில் கொடுக்கவில்லை. "பத்து வருஷம் ஆச்சு. அவனைத் திட்டுறதுக்கு இன்னும் பாக்கி வச்சிருக்கியா சைமி?" என்று வாசலிலேயே நிறுத்திக் கேட்டார். இல்லை என்று சத்தியம் செய்த பிறகுதான் காகிதத்தை நீட்டினார். கனடாவில் ஏதோ காட்டுக்குள் மரம் வெட்டுகிறீர்களாம். விமான எஞ்சினைக் கழற்றி மாட்டிய கைக்குக் கோடரி எப்படித்தான் பொருந்துகிறதோ தெரியவில்லை.

அம்மா செப்டம்பர் பதினாலாம் தேதி காலமானாள். கோடை முழுக்கப் படுக்கையில் கிடந்தாள். தம்பி லௌரிக்குப் பக்கத்திலேயே அடக்கம் செய்தோம்.

இந்த 'நீங்கள்' எனக்கு ஒத்துவரவில்லை. உன்னோடு பனியில் சறுக்கப் போய் ஏரிக்கரைச் சரிவில் முழங்காலைப் பெயர்த்துக்கொண்டவள் நான். நீ என்றே எழுதுகிறேன். பிடிக்காவிட்டால் கடிதத்தை அடுப்பில் போடு.

இப்போது இந்த வீட்டில் நான் மட்டும்தான். பகலில் ஊர் டெலிபோன் நிலையத்தில் வேலை. யார் யாரைக் கல்யாணம் செய்யப் போகிறார்கள், யார் வீட்டுப் பசு கன்று போட்டது, எல்லாம் எனக்குத்தான் முதலில் தெரியும். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் பேச்சுத் துணைக்கு ஆளில்லை. அப்போதெல்லாம் அந்தக் குளிர்காலங்கள் ஞாபகத்துக்கு வந்துவிடுகின்றன. விமானத் திடலிலிருந்து சனிக்கிழமை தவறாமல் என் தம்பி ஒரு படையையே கூட்டி வருவான். பயிற்சி மாணவர்கள் ஆறு பேர், பின்னால் எண்ணெய் நாற்றத்தோடு மெக்கானிக் நீ. அம்மா சுட்ட ஏலக்காய் ரொட்டி ஒரு தட்டு கூட மிஞ்சாது. "இவனுங்களுக்கு அரசாங்கம் சோறு போடலையா?" என்று அம்மா கத்துவாள். கத்திக்கொண்டே அடுத்த தட்டை அடுப்பிலிருந்து எடுப்பாள்.

லௌரி முதன்முதலாகத் தனியாகப் பறந்த நாள் ஞாபகம் இருக்கிறதா? வீட்டுக்கு மேலே தாழப் பறந்து ஒரு கையுறையைப் போட்டான். அதற்குள்ளே ஒரு சீட்டு. 'அம்மா, காபி போடு, பத்து நிமிஷத்தில் வருகிறேன்.' அம்மா காபிக் கெண்டியோடு முற்றத்துக்கு ஓடி அதை வானத்தைப் பார்த்து ஆட்டினாள். "கழுத்தை ஒடிச்சுக்காம இறங்கு முதல்ல! அப்புறம் காபி!"

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். விமானத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் நீ சொல்லிக்கொடுத்ததுதான். குளிர்காலத்தில் சக்கரத்தைக் கழற்றிவிட்டு நீளமான சறுக்குப் பலகை மாட்டுவீர்கள். அதன் மூக்கு கீழே தொங்காமல் ரப்பர் கயிறு தூக்கிப் பிடித்திருக்கும். இரவு முழுக்க வெளியே குளிரில் விட்டால் கயிறு விறைத்து, பிறகு அறுந்துவிடும். அதனால் மாலையில் கழற்றிக் கொண்டுபோய், திடலில் இருக்கும் சூடான அடுப்பறையில் மாட்டிவைக்க வேண்டும். விசாரணையில் நீ சொன்னதும் எனக்கு மனப்பாடம். 'கயிற்றை உள்ளே எடுத்துவைப்பது என் முறை. மறந்துவிட்டேன்.' அந்த வார்த்தைக்காகத்தான் உன் நிச்சய மோதிரத்தைத் திருப்பிக் கொடுத்தேன். கல்லறை வாசலில் உன்னைப் பார்த்து, "நீ மறந்தது கயித்த இல்ல, என் தம்பிய" என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன்.

எனக்கு ஒன்றே ஒன்று வேண்டும். அந்தச் சனிக்கிழமை மாலை திடலில் என்ன நடந்தது என்று உன் கையால் எழுது. வேறொன்றும் கேட்கவில்லை.

சைமி


போர்ட் ஆர்தருக்கு வடக்கே, மரவெட்டு முகாம்
11 டிசம்பர் 1938

அன்புள்ள சைமி,

உன் கடிதம் நேற்றுத்தான் கைக்கு வந்தது. ஏரி பாதி உறைந்திருக்கும் மாதத்தில் இங்கே தபால் வராது. முழுக்க உறைந்த பிறகுதான் விமானம் பனிமேல் வந்து இறங்கும்.

உன் அம்மா போய்விட்டார் என்று படித்தபோது கோடரியைக் கீழே வைத்துவிட்டு ஒரு கட்டையில் உட்கார்ந்துவிட்டேன். எனக்கு எழுத வராது. உனக்கே தெரியும். எனக்கு அம்மா முகம் தெரியாது. சனிக்கிழமைகளில் உன் அம்மாதான் என் சட்டைப் பொத்தானைத் தைத்துக் கொடுப்பார். "இந்த மெக்கானிக்குக்கு ஊசியைப் பார்த்தா மட்டும் கை நடுங்குது" என்பார். கடைசியில் அவர் என்னிடம் சொன்னது, "என் வாசப்படியில கால வைக்காத." அதில் தப்பே இல்லை. நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

இங்கே நாற்பது பேர் இருக்கிறோம். பாதிப் பேர் நம் ஊர்ப் பக்கத்துக்காரர்கள். சனிக்கிழமை ஆனால் சவுனாக் குளியல் உண்டு, குளியலறை நாங்களே மரத்தில் கட்டியது. கல்லில் தண்ணீர் ஊற்றி ஆவி எழும்போது எல்லோருக்கும் ஊர் நினைப்புதான்.

விமானத்தைத் தொடுவதில்லை என்று கப்பல் ஏறும்போதே முடிவு செய்திருந்தேன். ஆனால் தபால் விமானம் வந்து இறங்கினால் கால் தானாகப் போகிறது. முதலில் பார்ப்பது சறுக்குப் பலகையைத்தான். விமானி சிரிப்பான். "என்ன தாத்தா, இன்னிக்கும் பரீட்சையா?" என்பான். எனக்கு முப்பத்துநாலு வயதுதான், தலை நரைத்துவிட்டது.

நீ கேட்டதற்குப் பதில். விசாரணையில் சொன்னதுதான். என் முறை. மறந்துவிட்டேன். உன்னோடு இளைஞர் சங்கக் கூடத்துக்கு நடனத்துக்கு வரும் அவசரம். ஐந்து நாளாகப் பனிப்புயல், யாரும் பறக்கவில்லை. மறுநாள் ஞாயிறு, யார் பறக்கப் போகிறார்கள் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். காலை ஏழு மணிக்கு வானம் தெளிந்ததும், விட்டுப்போன நேரத்தை ஈடுகட்டப் பறக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது.

மீதியும் உனக்குத் தெரியும். எழும்பிய கொஞ்ச நேரத்தில் இடதுபக்கக் கயிறு அறுந்து பலகை மூக்குக் குப்புறத் தொங்கியது. முன்னிருக்கையில் லௌரி, பின்னால் பயிற்சி கொடுத்த லெப்டினன்ட் சார்னியோ. இரண்டு பேருக்கும் அங்கிருந்து அது தெரியாது. நான் என் காலில் இருந்த சறுக்குப் பலகை ஒன்றைக் கழற்றி, அவர்களுக்குச் சைகையாகத் தலைக்கு மேலே மூக்குக் கீழாகப் பிடித்துக்கொண்டு திடல் முழுக்க ஓடினேன். அவர்கள் ஒரு வட்டம் அடித்து என் தலைக்கு மேலேயே வந்தார்கள். நான் வேடிக்கை காட்டுகிறேன் என்று லௌரி நினைத்திருக்க வேண்டும். சிரித்துக்கொண்டு கையை ஆட்டினான். பிறகு இறங்கினார்கள். பலகை பனியில் குத்தி விமானம் தலைகீழாகப் புரண்டது.

இதற்குமேல் எழுத முடியவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள். கூரையில் பனி சேரவிடாதே, வடக்குப் பக்கத்து உத்தரம் அப்போதே பலவீனம்.

யால்மாரி


லெஹ்திலா
15 ஜனவரி 1939

யால்மாரி,

நீ பொய் சொல்கிறாய். நான் உன்னைச் சோதிக்கத்தான் முதல் கடிதத்தில் ஒன்றும் சொல்லாமல் கேட்டேன். அதற்கு மன்னிப்புக் கேட்கப் போவதில்லை.

அம்மா சாவதற்கு ஒன்பது நாள் முன்பு என்னைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தச் சொன்னாள். வீட்டில் வேறு யாருமே இல்லை, இருந்தும் சாத்தச் சொன்னாள். "யால்மாரி மறக்கலடி" என்றாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அப்புறம் துண்டு துண்டாகச் சொன்னாள்.

அந்தச் சனிக்கிழமை நீ என்னைக் கூட்டிக்கொண்டு போன பிறகு லௌரி வந்திருக்கிறான். சவுனாவுக்குள் போகப் போனவன் வாசலிலேயே நின்று தலையில் அடித்துக்கொண்டானாம். "அய்யோ அம்மா, கயித்த உள்ள வைக்கிறேன், நீ சைமியோட போடான்னு அவன அனுப்பிட்டு நானே மறந்துட்டு வந்துட்டேன்." திரும்பிப் போகக் கிளம்பியிருக்கிறான். அம்மா கையைப் பிடித்து நிறுத்தியிருக்கிறாள். "நாளைக்கு ஞாயித்துக்கிழமை. எந்தக் கிறுக்கன் பறக்கப் போறான்? கல்லு நல்லாச் சூடேறியிருக்கு, குளிச்சுட்டுச் சாப்பிடு. காலையில போய் எடுத்துக்கலாம்." அவனும் சரி என்று உட்கார்ந்துவிட்டான். அன்று அம்மா செய்தது அவனுக்குப் பிடித்த பட்டாணிக் கஞ்சி.

எங்கள் வீட்டுச் சனிக்கிழமை உனக்குத் தெரியும். சவுனா சூடேறிவிட்டால் ராஜாவே வாசலில் வந்து நின்றாலும் காத்திருக்க வேண்டியதுதான். அந்தப் பழக்கம்தான் அவனைக் கொன்றது.

இதைத் தெரிந்துகொண்டேதான் அம்மா உன்னை வாசலிலிருந்து துரத்தினாள். நீ 'நான் மறந்தேன்' என்று சொன்னதும் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். "அவன் அப்படிச் சொல்லிட்டான், நான் விட்டுட்டேன். என் பிள்ள பேருல பழி வரவேண்டாம்னு விட்டுட்டேன்" என்று அழுதாள். நான் அவள் கையைப் பிடிக்கவில்லை, யால்மாரி. எழுந்து முற்றத்துக்குப் போய்விட்டேன். ஒரு மணி நேரம் கழித்துத்தான் உள்ளே வந்தேன். அவளுக்கு மிச்சமிருந்த ஒன்பது நாளில் ஒரு மணி நேரத்தை நான் அப்படிக் கழித்தேன்.

உன்மீதும் எனக்குக் கோபம்தான். நாற்பது நாள் காவலில் இருந்தாய். வேலையை விட்டு அனுப்பினார்கள். சங்கக் கூடத்தில் யாரும் உன்னோடு பேசவில்லை. நான் உன்மேல் துப்பாத குறை. அப்போதுகூட ஒரு வார்த்தை சொல்லவில்லையே! 'சைமி, உன் தம்பிதான் அனுப்பினான்' என்று என் காதில் மட்டுமாவது சொல்லியிருக்கக் கூடாதா? இந்தப் பத்து வருஷத்தில் இரண்டு பேர் என்னைப் பெண் கேட்டு வந்தார்கள். இரண்டு பேரையும் ஏன் வேண்டாம் என்றேன் என்று எனக்கே அப்போது புரியவில்லை. இப்போது புரிகிறது.

நான் சும்மா இருக்கப் போவதில்லை. ஊர் முழுக்கச் சொல்லப் போகிறேன். பாதிரியாரிடம் சொல்லுவேன். லௌரியோடு செத்த சார்னியோவின் மனைவி ஐலி வாசா நகரத்தில் தையல் வகுப்பு நடத்துகிறார், அவரிடமும் போய்ச் சொல்லுவேன். நீ ஊருக்கு வா. தலை நிமிர்ந்து வா.

சைமி


முகாம்
19 பிப்ரவரி 1939

அன்புள்ள சைமி,

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். உன் அம்மா இவ்வளவு காலம் அதைச் சுமந்தார் என்பது எனக்குத் தெரியாது. லௌரி வீட்டில் சொல்லியிருப்பான் என்று நான் நினைத்ததே இல்லை.

சரி. கயிற்றை அவன்தான் வைப்பதாகச் சொன்னான். அது உண்மை. ஆனால் சைமி, தயவுசெய்து யாரிடமும் சொல்லாதே. பாதிரியாரிடம் வேண்டாம். முக்கியமாக ஐலி சார்னியோவிடம் போகாதே. இறந்தவனை அவன் பாட்டுக்கு இருக்கவிடு. எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை.

என்னை நல்லவன் ஆக்காதே. நான் அப்படி இல்லை.

அன்றைய நடனத்தை மட்டும் நினைத்துக்கொள். நீ நீலப் பாவாடை கட்டியிருந்தாய். அக்கார்டியன் வாசித்தவனுக்கு ஒரு பாட்டுதான் சரியாக வரும், அதையே ஏழு தடவை வாசித்தான். நான் உன் காலை மிதித்தேன். "எஞ்சினா இது, இப்படி உதைக்கிற?" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாய். இங்கே மரம் வெட்டும்போது அந்தப் பாட்டு வாயில் வரும், தப்பும் தவறுமாகத்தான். அதுவரைக்கும்தான் எனக்கு நினைத்துப் பார்க்க முடிகிறது. அடுத்த நாள் காலைக்குப் போக முடியவில்லை.

யால்மாரி


லெஹ்திலா
26 மார்ச் 1939

யால்மாரி,

வேண்டாம் என்று மூன்று தடவை எழுதியிருக்கிறாய். ஏன் என்று ஒரு தடவைகூட எழுதவில்லை. இது என்ன பிடிவாதம்? பழி சுமப்பதில் அப்படி என்ன ருசி கண்டாய்?

நிலைமையைச் சொல்லுகிறேன், கேள். திடலின் ஓரத்தில், அவர்கள் விழுந்த இடத்தில், நினைவுக் கல் நடப் போகிறார்கள். சங்கக்காரர்கள்தான் ஏற்பாடு. ஜூன் பதினெட்டு ஞாயிற்றுக்கிழமை திறப்பு. சாம்பல் நிறக் கல்லில் இரண்டு பெயர். அன்றைக்குக் குடும்பத்தின் சார்பில் நான் பேச வேண்டும் என்று வந்து கேட்டார்கள். தலைவர், அதுதான் உன்னோடு பள்ளியில் படித்த அந்த வாயாடி, என்னிடம் சொல்லுகிறார், "மெக்கானிக் பத்தி ஒண்ணும் பேசவேண்டாம்மா, நல்ல நாளும் அதுவுமா." எனக்கு வந்த கோபத்துக்கு அவருக்குக் காபிகூடக் கொடுக்கவில்லை. நம் ஊரில் காபி கொடுக்காமல் ஒருவரை அனுப்புவது என்றால் என்ன என்று உனக்குத் தெரியும். ஊரே பேசியது.

உன்னை மட்டும்தான் ஊர் விடவில்லை என்று நினைக்காதே. சார்னியோவும் பேச்சுக்குத் தப்பவில்லை. ஐந்து நாள் வீணான எரிச்சலில், கயிறு எங்கே இருந்தது என்று ஒரு வார்த்தை கேட்காமல் ஏறிவிட்டார் என்று அறிக்கையிலேயே எழுதியிருக்கிறதாம். பாவம் அந்த ஐலி. கல் திறப்புக்கு வருவாரோ மாட்டாரோ என்கிறார்கள். "என் புருஷன் அவசரத்துல அந்தப் பையனக் கொன்னுட்டாருன்னு அவன் அக்கா நினைப்பாங்களே, எந்த முகத்தோட வர்றது?" என்று யாரிடமோ சொன்னாராம். இதை டெலிபோனில் கேட்டேன். ஒட்டுக் கேட்பது தப்புத்தான். கேட்டுவிட்டேன்.

மே மாதம் பனி கரைந்ததும் வாசாவுக்குப் போய் ஐலியைப் பார்ப்பேன். மறந்தவன் என் தம்பி, தடுத்தவள் என் அம்மா என்று சொல்லுவேன். கல் திறப்பில் ஊர் முன்னால் உன் பெயரைத் துடைப்பேன். அதைச் செய்யக் கூடாது என்றால் எனக்குக் காரணம் சொல். காரணம் இல்லையென்றால் வாயை மூடிக்கொண்டு பெட்டியைக் கட்டு.

சைமி


முகாம்
16 ஏப்ரல் 1939

சைமி,

ஏரியில் பனி இளகத் தொடங்கிவிட்டது. நாளைக்கு வருவதுதான் கடைசி விமானம். அதற்கப்புறம் ஒரு மாதம் தபால் இல்லை. இன்றைக்கு எழுதாவிட்டால் அதற்குள் நீ வாசாவுக்குப் போய்விடுவாய்.

காரணம் சொல்லுகிறேன்.

அன்று காலை லௌரி எனக்கு முன்பே வந்துவிட்டான். உத்தரவு வந்ததைக் கேட்டு வீட்டிலிருந்து நேராக ஓடிவந்திருப்பான். நான் போனபோது முன்னிருக்கையில் ஏறி வாரைக் கட்டிக்கொண்டிருந்தான். எஞ்சின் எண்ணெயைச் சுடவைத்துக் கொண்டுவந்து ஊற்றினேன். பிறகு வழக்கம்போல் சுற்றி வந்தேன். குளிர் பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தெட்டுப் பாகை. கயிறு மாட்டியபடி இருந்தது. அவன் அடுப்பறையிலிருந்து எடுத்து வந்து மாட்டியிருப்பான் என்றுதான் முதலில் நினைத்தேன்.

கிட்டே போனேன். கயிற்றின் மேல் உறைபனி படிந்திருந்தது. வெள்ளையாக, முடி முடியாக. சூட்டிலிருந்து அப்போதுதான் எடுத்து வந்த கயிற்றில் அது படியாது சைமி. இரவு முழுக்க வெளியே கிடந்தால்தான் படியும். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

நிமிர்ந்து லௌரியைப் பார்த்தேன். அவனும் என்னைப் பார்த்தான். விரலை உதட்டில் வைத்தான். லெப்டினன்ட் அந்தப் பக்கம் சிகரெட்டை அணைத்துக்கொண்டிருந்தார். தலையை அவர் பக்கம் சாய்த்துக் காட்டி, "சொல்லிடாதடா, என்னோட முறை போயிடும்" என்று மெதுவாகச் சொன்னான். தெரிந்தால் மறந்ததற்குத் தண்டனையாக அவனை இறக்கிவிட்டு வேறு மாணவனை ஏற்றுவார். ஐந்து நாளாகத் தரையில் கிடந்து அவன் தவித்தது எனக்குத் தெரியும்.

நான் கையுறையால் அந்த உறைபனியைத் துடைத்தேன். இரண்டு பக்கமும் துடைத்தேன்.

லெப்டினன்ட் வந்தார். "கயிறு ராத்திரி உள்ளதானே இருந்துச்சு தக்கலா?" என்று கேட்டார். என் முகத்தைப் பார்த்துக் கேட்டார். "உள்ளதான் இருந்துச்சு, லெப்டினன்ட்" என்றேன். அவர் நம்பி ஏறினார்.

ஒரு தடவை எழும்பி இறங்கத் தாங்கும் என்று நினைத்தேன். பல தடவை தாங்கியிருக்கிறது. அதனால்தான் துடைத்தேன். என் நண்பன் திட்டு வாங்கக் கூடாது என்றுதான் துடைத்தேன்.

விசாரணையில் கேட்டார்கள், லெப்டினன்ட் கயிற்றைப் பற்றி உன்னிடம் விசாரித்தாரா என்று. விசாரித்தார் என்றால் நான் பொய் சொன்னது வெளியே வரும். இல்லை என்றேன். மறந்துவிட்டேன் என்பதைச் சொல்ல முடிந்தது. தெரிந்தே அனுப்பினேன் என்பதைச் சொல்ல வாய் வரவில்லை. நீ என்னைத் தியாகி என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். நான் பெரிய குற்றத்தைச் சின்னக் குற்றத்தால் மூடியவன். அதற்குச் செத்துப்போன ஒரு நல்ல மனிதரின் பெயரையும் கெடுத்தேன். ஐலியிடம் போகாதே என்று ஏன் கெஞ்சினேன் என்று இப்போது தெரிந்திருக்கும்.

உன் கடிதத்தில் ஐலி சொன்னதைப் படித்த பிறகு இதை மறைத்துவைக்க மனம் வரவில்லை. இனி நீ என்ன செய்தாலும் சரி. இந்தக் காகிதத்தை யாரிடம் காட்டினாலும் சரி.

யால்மாரி


லெஹ்திலா
19 ஜூன் 1939

யால்மாரி,

உன் கடிதம் மே எட்டாம் தேதி வந்தது. வேலை நேரத்தில் பிரித்துப் படித்துவிட்டேன். அதற்கப்புறம் பாதிரியாருக்கு வந்த அழைப்பைக் கால்நடை மருத்துவருக்குக் கொடுத்தேன். இரண்டு பேரும் ஐந்து நிமிஷம் பேசியிருக்கிறார்கள்.

உனக்கு உடனே பதில் எழுதவில்லை. எழுத உட்காருவேன், கை ஓடாது. பத்து வருஷம் உன்னை வெறுத்தேன். அப்புறம் எட்டு மாதம் உன்னைக் கோயில் சுவரில் இருக்கும் படம் மாதிரி நினைத்தேன். இரண்டுமே நீ இல்லை என்று தெரிந்தபோது எனக்கு வந்தது அழுகை. லௌரி விரலை உதட்டில் வைத்ததைத் திரும்பத் திரும்பப் படித்தேன். சின்ன வயதில் ஜாம் திருடித் தின்றுவிட்டு என்னிடமும் அப்படித்தான் விரலை வைப்பான். நானும் ஒரு தடவைகூட அவனைக் காட்டிக்கொடுத்ததில்லை. நான் அன்று அங்கே இருந்திருந்தால் வாயைத் திறந்திருப்பேனா என்று யோசித்துப் பார்க்கிறேன். தெரியவில்லை. உண்மையாகவே தெரியவில்லை.

பனி கரைந்ததும் வாசாவுக்குப் போனேன். கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு ஐலியின் வீட்டுத் தெருவில் இரண்டு தடவை நடந்தேன். மூன்றாவது தடவை அவரே ஜன்னலைத் திறந்து, "உள்ள வாங்க, காபி ஆறுது" என்றார். என்னை யாரென்று தெரிந்திருக்கிறது. லௌரியின் மூக்குதான் எனக்கும்.

உள்ளே போனேன். கடிதத்தைக் கொடுத்தேன். நின்றுகொண்டே படித்தார். ஓர் இடத்துக்கு வந்ததும் உட்கார்ந்துவிட்டார். அந்த வரியின் மேல் விரலை வைத்து, என்னைப் பார்த்து, "கேட்டாரா?" என்றார். நான் தலையாட்டினேன். "அவர் கேட்டாரா?" என்று மறுபடியும் கேட்டார். "கேட்டாராம்" என்றேன்.

அவர் அழுததை நான் எழுதப் போவதில்லை. அழுது முடித்து முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார். "பதினோரு வருஷமா ஒவ்வொரு ராத்திரியும் அவர்கிட்ட கேட்டுட்டே இருந்தேன், ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா, கேட்டிருக்கக் கூடாதான்னு. எங்க பொண்ணுகிட்டகூட உங்கப்பா அவசரக்காரர்னுதான் சொல்லி வளர்த்தேன்" என்றார். பிறகு உன் கடிதத்தை மடித்து என் கையில் கொடுத்தார். "இத வச்சு நான் என்ன பண்ண? இது காகிதம். அந்த ஆள வரச்சொல்லுங்க. என் பொண்ணு முன்னாடி நின்னு, உங்கப்பா கேட்டாரும்மா, நான்தான் பொய் சொன்னேன்னு சொல்லச்சொல்லுங்க. அப்புறம் அவர் எங்க வேணும்னாலும் போகட்டும்."

நேற்று கல் திறந்தார்கள். நல்ல வெயில். நான் பேசவில்லை. உன் பெயரைத் துடைக்கவும் இல்லை, லௌரியின் பெயரைச் சொல்லவும் இல்லை. ஐலி வந்திருந்தார். பத்தொன்பது வயது மகளோடு வந்து முன் வரிசையில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். ஊர் பார்த்தது. மகள் உயரம், அப்பாவின் சாயல். அவளுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. அம்மா சொல்லவில்லை. நீ வந்து சொல்ல வேண்டும் என்று காத்திருக்கிறார்.

ஆகவே வா. ஐலிக்காக முதலில் வா. விசாரணை அறிக்கையைத் திருத்த முடியுமா என்று திடலில் போய்க் கேள். முடியாது என்றாலும் கேள். உன்னை மறுபடியும் காவலில் வைத்தாலும் வைக்கட்டும், சாப்பாடு நான் கொண்டுவருகிறேன்.

எனக்காகவும் வா. மன்னித்துவிட்டேன் என்று எழுத என்னால் முடியவில்லை, யால்மாரி. ஒரு நாள் மன்னித்தது போல இருக்கிறது, மறுநாள் கையுறையை நினைத்தால் நெஞ்சு எரிகிறது. சண்டை போட வேண்டும் போல இருக்கிறது. ஆனால் கடிதத்தில் போடும் சண்டை உன் கைக்கு வந்து சேருவதற்குள் இங்கே எனக்கு ஆறிப்போகிறது, நீ பதில் எழுதும்போது நான் வேறு கோபத்தில் இருக்கிறேன். எனக்கு நேரில் ஒரு ஆள் வேண்டும். ஒரே மேசையில், எதிரே உட்கார்ந்து, நான் கத்தும்போது தலையைக் குனியாமல் கேட்கிற ஆள். கத்தி முடித்த பிறகு என்ன செய்வேன் என்று இப்போது எனக்குத் தெரியாது.

கதவு திறந்துதான் இருக்கும். வாசலில் நின்று அனுமதி கேட்காதே, நேராக உள்ளே வா.

சைமி